பெட்டி ரெடி... போர்வை?

பேகம்பூரில் எங்க பக்கத்து வீட்டு அக்கா, விசிட்டிங் ஸ்காலரா அமெரிக்கா கிளம்பறாங்க. ‘எல்லாம் ரெடியாக்கா?’ன்னு கேட்டா, ஃபைலைத் தூக்கிக் காட்டறாங்க. அங்கிருக்கும் பல்கலைக்கழகம் கொடுத்த டிஎஸ்-2019 படிவம், செவிஸ் கட்டண ரசீது, ஜே-1 விசா, மருத்துவக் காப்பீடு... பக்கா! பெட்டிக்கு திண்டுக்கல் பூட்டு வேற!

‘அங்க குளிருமே, வீட்டுல ஹீட்டர் எப்படிப் போடறதுன்னு கேட்டீங்களா?’

‘அதையெல்லாம் போய் கேட்டா சிரிப்பாங்கப்பா!’

இங்கதான் நம்ம ராமானுஜன் கதையைச் சொன்னேன். மெட்ராஸ் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுக்க, 1914 மார்ச் 17-ல் ‘நெவாசா’ கப்பலில் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பினார் அந்தக் கணித மேதை. அதுக்கு முன்னாடியே குடுமியை எடுத்தாச்சு. கோட்டு சூட்டு போட்டு, கத்தி, முள்கரண்டியில் சாப்பிடவும் பழகியாச்சு.

ஆனா, அங்கே ராத்திரியில் குளிர் தாங்கலை. ஓவர்கோட்டோடு, சால்வையைச் சுத்திக்கிட்டுத் தூங்கியிருக்கார். அப்போ அங்கே மாணவரா இருந்த மஹலனோபிஸ் (பின்னாளில் புள்ளியியல் மேதை!) படுக்கையைப் பார்த்தா, கம்பளிகள் மெத்தையோடு இறுக்கிச் செருகினபடியே இருக்கு! அதை விலக்கி உள்ளே நுழைஞ்சு படுக்கணும்னு அவருக்கு யாருமே சொல்லலை.

ஃபைலில் எது குறைஞ்சாலும் விசா ஆபீஸில் கேட்டுடுவாங்க. இதையெல்லாம் நாமதான் கேட்கணும்!

அக்கா இப்போ அங்கிருக்கும் சீனியருக்கு மெயில் தட்டறாங்க. மொத்தம் 23 கேள்வி. முதல் கேள்வி, போர்வை பத்தி!