நாவல் மரத்தடியில் மண் எங்கே?
தலைநகரின் சாலையோர மரங்கள் பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பந்தியில் இலை போடுகின்றன. வேருக்குத்தான் இடமில்லை.

ஜூன் கடைசி வாரம். முதல் மழை எட்டிப் பார்த்ததுமே தில்லி அசோகா சாலையின் நடைபாதை ஊதா நிறமாகிவிடுகிறது. ஒருவர் மரமேறிக் கிளையை உலுக்க, கீழே நான்கு பேர் தார்ப்பாயை விரித்துப் பிடிக்கிறார்கள். சடசடவென்று உதிரும் நாவல் பழங்கள் அடுத்த அரை மணியில் ஓரத்துக் கூடைக்கு வந்து, கறுப்பு உப்பு தூவிய காகிதப் பொட்டலங்களாகக் கைமாறுகின்றன.

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக பிரிட்டிஷ் அரசு அறிவித்தது 1911-ல். புதிய நகரின் அகன்ற சாலைகளுக்கு நிழல் வேண்டும். வேம்பு, புளி, மருது இவற்றோடு நாவலும் தேர்வாயிற்று. இன்று கர்த்தவ்ய பாதை என்ற பெயரில் இருக்கும் ராஜபாதையின் இருபுறமும் நிற்பது அந்த வரிசைதான். திட்டமிட்டவர்கள் கேட்டது நிழல். கூடவே கிடைத்தது விருந்து.

விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. கோடையில் பூக்கும்போதே தேனீக்கள் வந்துவிடும். பழுத்ததும் பகல் கிளிக்கும் குயிலுக்கும். இரவு, ஜன்பத் மருத மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வவ்வால்களுக்கு. காடுகளில் கரடியும் மரநாயும் பங்குக்கு வரும். சாப்பாட்டுக்குக் கூலியாக விதையை வேறிடம் கொண்டு சேர்த்துவிடும்.

மனிதனின் பங்கு ஏலத்தில் முடிவாகிறது. பழம் பறிக்கும் உரிமையை நகராட்சி ஆண்டுதோறும் குத்தகைக்கு விடுகிறது. குத்தகைதாரரின் ஆட்கள் பருவம் முழுக்க மரத்தடியிலேயே குடியிருக்கிறார்கள். நாவல் கிளை சட்டென்று முறியும். ஏறுபவருக்கு உயிர் கையில்தான்.

காரில் கறை படிகிறது, நடந்தால் வழுக்குகிறது என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. 1994-ம் ஆண்டு தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி மரத்தை வெட்ட முடியாது. ஆனால் சிமென்ட் பூசி மெல்ல மூச்சுத் திணறடிக்கக் கோடரி தேவையில்லை. மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்கு கான்கிரீட் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அப்படியும் நடைபாதைக் கற்கள் அடிமரத்தை நெருக்கும் இடங்கள் உண்டு. மரங்களுக்கோ நூறு வயது நெருங்குகிறது. அடுத்த தலைமுறையை இப்போதே நட்டாக வேண்டும்.

வளர்ப்பது சிரமமல்ல. விதை காய்ந்தால் முளைக்காது. தின்ற கையோடு ஊன்றிவிட வேண்டும். விதைக் கன்று காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக் கன்று அதில் பாதிக் காலத்திலேயே பலன் தரும். குஜராத்தின் கோத்ரா ஆய்வு நிலையம் தந்த 'கோமா பிரியங்கா', லக்னோவின் 'ஜாம்வந்த்' ஆகியவை சதைப்பற்றுள்ள ரகங்கள். சுவரிலிருந்து தள்ளி, மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நடலாம். முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். எட்டும் கிளை நமக்கு, உச்சி பறவைக்கு என்று விட்டுவிட்டால் வலையும் வேண்டாம், வம்பும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கொட்டைப் பொடியை நம்பி சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இந்த நாட்டுக்கே நாவலந்தீவு என்று பெயர். சுட்ட பழத்தை ஊதித் தின்ற ஔவையின் கதை தமிழனுக்குத் தெரியும். அந்தப் பாட்டி தில்லிக்கு வந்தால் பழம் கிடைக்கும். ஊதுவதற்கு மண் கிடைக்குமா?