நளன் கதையும் அவலச்சுவையும்

உயிரொத்த காதலர் இருவர் ஊழ்வலியாற் பிரிந்து உறும் துன்பத்தை இதிகாசங்களினின்றும் எடுத்துப் பாடுதல், வடமொழி தென்மொழி இரண்டினும் புலவர் பெருமக்கள் பெரிதும் விரும்பி மேற்கொண்ட செயலாகும். வீடுபேற்றை நோக்கி நிற்கும் சைவர்க்கு இக்கதைகளாற் பயன் என்னை என்னும் ஐயமும் பழைமையானதே. சோழ மன்னன் சிந்தாமணியில் உள்ளம் தோய்ந்திருந்தமை கண்டு, சேக்கிழார் பெருமான் அவனைத் திருத்தொண்டர் வரலாற்றின்பாற் திருப்பினார் என்பது சேக்கிழார் புராணத்தான் அறியப்படும். அதுகொண்டு காதற் காவியம் யாவும் விலக்கற்பாலன என்பாரும் உளர். அவ்வாறாயின், மணிவாசகப் பெருமான் 400 கட்டளைக் கலித்துறையாற் கோவை அருளிச்செய்தமைக்கு அமைதி கூறுதல் அரிதாம். ஆதலின், காதல் பாடுபொருளாதல் குற்றமன்று. அது கற்பாருடைய உள்ளத்தை எவ்விடத்துக் கொண்டு நிறுத்துகின்றது என்பதே ஆராயற்பாலது. அதற்கு நளன் கதை சிறந்ததோர் உரைகல்லாகும்.

இக்கதை மகாபாரதத்து வனபருவத்தில் உள்ளது. சூதில் நாடிழந்து காடு புகுந்த தருமன், பாசுபதம் பெறச் சென்ற தம்பியையும் பிரிந்து வருந்தியிருந்த காலத்தே, பிருகதசுவ முனிவர் அவன்பால் எய்தினார். தன்னினும் துயருற்றார் உலகில் உளரோ என்று அவன் வினவ, அவர் விடையாகக் கூறியதே இக்கதை. துன்புற்றான் ஒருவனது துன்பத்தை ஆற்றுதற்கு மற்றொருவன் துன்பமே மருந்தாக வந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

கதையின் உயிர்நிலை காட்டிடைப் பிரிவே. உடையையும் பறவைகள் கவர்ந்து செல்ல, நளனும் தமயந்தியும் ஓராடையையே இருவரும் உடுத்து, பாழ்பட்ட இருக்கை ஒன்றிற் துயில்கின்றனர். நள்ளிரவில் விழித்த நளன், தான் நீங்கின் இவள் தன் சுற்றத்தாரை அடைந்து உய்வாள் என எண்ணி, அவ்வாடையை இரண்டாக அரிந்து புறப்படுகின்றான். சென்றவன் மீள்கின்றான், மீண்டவன் செல்கின்றான். கலி ஒருபாலும் காதல் ஒருபாலும் ஈர்த்தலின், அவன் நெஞ்சம் ஊசல்போல் ஆடிற்று என முதனூலாசிரியர் உவமை கூறுவர். நளனைக் கொடியன் என்றும் கூறாது, குற்றமிலன் என்றும் கூறாது, அவ்வூசலை மட்டும் காட்டி அமைந்தமையே அவ்விடத்தின் பெருமை.

பின்வந்த புலவர் மூவர் இதனை மூவகையாற் கையாண்டனர். 12-ஆம் நூற்றாண்டினராகிய சிரீஹர்ஷர் தமது நைஷதீய சரிதத்தை 22 சருக்கங்களாற் பாடித் திருமண இன்பத்தோடு முடித்தார். ஆயினும், கலி வந்து நளனது சோலையில் உள்ள தான்றி மரத்தில் தங்கிக் காலம் பார்த்திருத்தலை அவரும் கூறியுள்ளார். எனவே, கதை அறிந்தார்க்கு அவ்வின்பத்தினூடே வரவிருக்கும் துயரின் நிழல் தோன்றாதிராது.

புகழேந்திப் புலவர் கதையைச் சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்றாக வகுத்து வெண்பாவாற் பாடினார். நான்கடியுள் ஒரு துயரத்தைத் தொடங்கி முடிக்கும் வெண்பா, விம்மி விம்மி அழுவாரது அழுகையை ஒத்துச் செல்கின்றது. மற்றுமொரு வேறுபாடும் உண்டு. முதனூலில், சூது முடியுமுன்னரே தமயந்தி தன் மக்களைத் தேர்ப்பாகனுடன் விதர்ப்ப நாட்டிற்கு அனுப்பிவிடுகின்றாள். நளவெண்பாவிலோ, மக்களும் பெற்றோருடன் நகர் நீங்கி வழிநடந்து வருந்தியபின்னரே பிரிக்கப்படுகின்றனர். இதனால் மனைவியைப் பிரிதற்குமுன் மக்களைப் பிரியும் துயரும் கற்பார் கண்முன் நிகழ்வதாயிற்று.

16-ஆம் நூற்றாண்டிற் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர், நைடதத்தை விருத்தப்பாவாற் பாடிக் கலி நீங்கி நளன் மீண்டும் அரசெய்தியது ஈறாக முடித்தார். புலவர்க்கு ஔடதம் எனச் சான்றோர் இந்நூலைப் போற்றினர்.

இனி, அவலத்தின் இயல்பு காண்போம் எனிற் தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியலே வழிகாட்டியாகும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களன் என்பது அவர் கொள்கை. நாடனைத்தும் வென்ற புட்கரன், இனித் தமயந்தியைப் பணயம் வைக்க என்று நகைத்தல் இளிவு. நாடும் மக்களும் நீங்குதல் இழவு. முடிமன்னன் உருத்திரிந்து வாகுகன் என்னும் பெயரொடு பிறன்மனைக்கண் குதிரை ஓம்புதல் அசைவு. இருவர்க்கு ஓராடையாதல் வறுமை. நான்கும் ஒருங்கே அமைந்தமையின், இக்கதை அழுகைக்கு நிறைந்த இலக்கியமாயிற்று. எனினும், மீளக் கூடுவோம் என்னும் அவா முற்றும் அறாமையின், வடநூலார் இதனைக் கருணை என்னாது, பிரிவிற் தோன்றும் காதற்சுவை என்றே கொள்வர்.

இவ்வவலம் எங்குச் சென்று முடிகின்றது? அயோத்தி மன்னன் இருதுபன்னன், தேரோட்டிச் சென்ற நளனுக்குச் சூதின் நுட்பத்தை உணர்த்துகின்றான். அவ்வறிவு தோன்றிய அளவிலே, கார்க்கோடகனது நஞ்சாலும் தமயந்தியின் சாபத்தாலும் உள்ளே வெந்துகொண்டிருந்த கலி வெளிப்படுகின்றான். நளன் அவனைச் சபிக்க எழுந்தும், அவன் இரந்து வேண்டச் சினம் அடங்குகின்றான். கலி தான்றி மரத்திற் புகுந்து ஒடுங்குகின்றான். சித்தாந்தம் பயின்றார்க்கு ஈண்டு ஓர் ஒப்புமை புலனாகும். உணர்த்துவார் உணர்த்த அறிவு விளங்கியவிடத்து மலத்தின் வலி கெடுகின்றது; மலமோ அழிந்தொழிவதின்று. கலியும் மாய்ந்திலன், நளன்பால் அவன் ஆற்றல் செல்லாதாயிற்று.

இஃது ஒருபுடை உவமையே என்பதை மறத்தலாகாது. கலி அறிவுடையவன், இடையே ஒரு பிழை வாயிலாகப் புகுந்தவன். மலமோ சடம், உயிரொடு அநாதியே உடனாயது. இவ்வேறுபாட்டை நோக்காது கதை முழுதும் தத்துவப் பொருளே என்று வலிந்துரைப்பார், கதையையும் இழப்பர். தத்துவத்தையும் மயங்கக் கொள்வர். காவியத்திற் கலி எனப்பட்டதைத் திருநள்ளாற்றுத் தலவரலாறு சனியின் தொடக்காக வைத்து, தருப்பாரணியேசுவரர் திருமுன்னர் நளன் அது நீங்கப்பெற்றான் என்று கூறும். பெயர் வேறாயினும், தன் முயற்சியளவில் தீராத் துயர் அருளாற் தீரும் என்னும் கருத்து இதன்கண் தெளிவுற விளங்குகின்றது.

கதை கேட்டு முடிந்த தருமன் வெறும் ஆறுதல் பெற்றதோடு அமைந்திலன். நளன் பெற்ற அதே சூதின் நுட்பத்தைப் பிருகதசுவர்பாற் தானும் பெற்றான். பிறர் துயர் கேட்டவன் கண்ணீரோடு நில்லாது, தன் வீழ்ச்சிக்குக் காரணமாகிய அறியாமை நீங்கினான். காதலவலம் பாடும் நூல்களைக் கற்பார்க்கும் இதுவே அளவுகோலாகும். அழுகை அழுகையளவில் நிற்பின், அது நெஞ்சை மயக்கும் மற்றொரு சூதாம். அறிவு பிறத்தற்கு வாயிலாயின், மருந்தாம்.