பெரிய மீனுக்குச் சிறிய தொட்டியா?



பொழுதுபோக்குகளுள் மீன் வளர்ப்பு சிறந்த ஒன்றாகும். கண்ணாடித் தொட்டியினுள் மீன்கள் நீந்துவதைக் காணும்போது மனம் அமைதி பெறுகின்றது. வேளை தவறாது இரையிடுவதாலும் நீர் மாற்றுவதாலும் பிள்ளைகளிடம் பொறுப்புணர்ச்சியும் வளர்கின்றது. ஆயினும், எந்த மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று எண்ணிப் பாராமல் வாங்கினால், அந்தப் பொழுதுபோக்கே மீனுக்குச் சிறையாகவும் நமக்கு வீண் செலவாகவும் முடியும். பிற மீன்களை வேட்டையாடி உண்ணும் பெரிய மீன்களைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. ஆகவே, தொட்டியின் அளவை எவ்வாறு கணக்கிடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கடையில் காணும் மீனும் வளர்ந்த மீனும்

கடைகளில் நம் கண்ணைக் கவர்பவை பெரும்பாலும் குஞ்சுகளே. மூன்று மீன்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஆஸ்கார். இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கப்படும் இம்மீன் விரைவாக வளர்ந்து ஓர் அடி நீளத்தை எட்டும்.

இரண்டாவது, நம் நாட்டு மக்கள் ‘கெலிசா’ என்று அழைக்கும் அரோவானா. பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா ஏரி இம்மீனுக்குப் பெயர் பெற்றது. ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும் அருமையான இனம் இது. தொட்டியில் வளர்வதே ஏறத்தாழ இரண்டடி நீளம் இருக்கும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ என்னும் அனைத்துலக ஒப்பந்தத்தின் முதற்பட்டியலில் 1975ஆம் ஆண்டு முதல் இது இடம்பெற்றுள்ளது. பதிவு பெற்ற பண்ணையில் வளர்க்கப்பட்டு, உடலில் அடையாளச் சில்லும் கையில் சான்றிதழும் உள்ள மீனை மட்டுமே வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது தோமான். நாம் குழம்பு வைக்கும் விராலின் இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது செம்மஞ்சள் நிறமும் கருங்கோடுகளும் கொண்டு அழகாகத் தோன்றும். வளர்ந்தபின் அந்நிறம் மறைந்துவிடும். நீளமோ மூன்றடியையும் தாண்டும்.

“தொட்டி சிறியதாக இருந்தால் மீனும் அதற்கேற்பச் சிறியதாகவே நின்றுவிடும்” என்று சிலர் கூறுவர். இது தவறான கருத்து. சிறு தொட்டியில் மீன் வளராமற் போவது அழுக்கு நீரினாலும் இடநெருக்கடியினாலும் வரும் கேடாகும். முதுகு வளைதல், நோய், குறைந்த ஆயுள் ஆகியவையே அதன் விளைவுகள்.

நீளம் ஆறு மடங்கு, எடை எத்தனை மடங்கு?

இங்கே மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். இரண்டு அங்குல ஆஸ்கார் பன்னிரண்டு அங்குலம் ஆகும்போது அதன் நீளம் ஆறு மடங்காகின்றது. ஆனால், மீன் நீளத்தில் மட்டுமா வளர்கின்றது? அகலத்திலும் பருமனிலும் அவ்வாறே வளர்கின்றது. எனவே எடை 6 × 6 × 6 = 216 மடங்காகின்றது! குஞ்சு ஒன்று நீந்திய நீரில், இப்போது ஏறத்தாழ இருநூறு குஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்தாற்போல் ஓர் உடல் வாழ்கின்றது. ‘ஓர் அங்குல மீனுக்கு இவ்வளவு நீர்’ என்ற கணக்கு சிறு மீன்களுக்கு ஓரளவு பொருந்தலாம். பெரிய மீன்களுக்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

உடல் பெருகப் பெருகக் கழிவும் பெருகும். ஊன் உண்ணும் மீன்களின் இரையில் புரதம் மிகுதி. அது செரித்தபின் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் கலக்கின்றது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டின் தீமை அவற்றைவிடக் குறைவு. அந்த நைட்ரேட்டை அகற்றத்தான் வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுகின்றோம். குடத்து நீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டால் கரிக்கும். கிணற்று நீரில் போட்டால் தெரியாது. அதுபோலவே நீர் மிகுதியாக இருந்தால் நஞ்சின் கடுமை குறையும்.

தொட்டியின் நீளமும் அகலமும்

வேட்டை மீன் உடல் நிமிர்ந்து நீந்தவும், வால் மடங்காமல் திரும்பவும் இடம் வேண்டும். ஆகவே முழு வளர்ச்சியடைந்த மீனின் நீளத்தைப்போல், தொட்டியின் நீளம் மூன்று முதல் நான்கு மடங்கும், அகலம் ஒன்று முதல் ஒன்றரை மடங்கும் இருத்தல் நலம். ஒரு கன அடியில் ஏறத்தாழ 28 லிட்டர் நீர் கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் கீழ்க்காணும் விடை கிடைக்கும்.

ஆஸ்கார் ஒன்றுக்கு: நீளம் 4 அடி, அகலம் 1½ அடி, உயரம் 1½ அடி. நீர் 252 லிட்டர்.

கெலிசா ஒன்றுக்கு: நீளம் 6 அடி, அகலம் 2½ அடி, உயரம் 2 அடி. நீர் 840 லிட்டர்.

தோமான் ஒன்றுக்கு: நீளம் 10 அடி, அகலம் 3½ அடி, உயரம் 2½ அடி. நீர் 2,450 லிட்டர்.

தோமானுக்குரிய நீர் மட்டுமே ஒரு சிறிய லோரி ஏற்றும் சுமைக்குச் சமம்! அதனை வீட்டுத் தொட்டி என்று கூறுவதைவிடக் குளம் என்று கூறுவதே பொருந்தும்.

உயரத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது. 3 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியும் ஆஸ்காருக்கு நாம் கூறிய தொட்டியும் ஒரே அளவு நீரையே கொள்கின்றன. ஆயினும் முதலாவதன் நீர்ப்பரப்பு 4½ சதுர அடி; இரண்டாவதன் பரப்பு 6 சதுர அடி. உயிர்வளி நீரின் மேற்பரப்பு வழியாகவே கலப்பதால் பரந்த தொட்டியே மேலானது. மீன் நீந்துவதற்கும் அதுவே ஏற்றது.

கெலிசாவும் தோமானும் துள்ளிக் குதிப்பவை. ஆதலால் கனமான மூடி இன்றியமையாதது. தோமான் நீர்மட்டத்திற்கு மேலெழுந்து காற்றைச் சுவாசிப்பதால், மூடிக்கும் நீருக்கும் இடையே வெளி இருத்தல் வேண்டும். மேலும், 252 லிட்டர் தொட்டிகூடக் கண்ணாடியும் தாங்கியும் சேர 300 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். பலகைத் தரையுள்ள பழைய வீடுகளில் இதனை வைத்தல் ஆபத்தாகும். சமமான சிமெண்டுத் தரையே தக்கது.

ஆற்றில் விடலாமா?

வளர்ந்த மீனை வைத்திருக்க முடியாதபோது பலர், “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று ஆற்றிலோ, ஈயச் சுரங்கக் குட்டையிலோ விட்டுவிடுகின்றனர். இரக்கமாகத் தோன்றும் இச்செயல் பெருந்தீங்கை விளைவிக்கின்றது.

பனாமா நாட்டில் 1967ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அமேசான் பகுதியைச் சேர்ந்த பீக்காக் பாஸ் என்னும் வேட்டை மீன்கள், வளர்ப்புக் குளம் ஒன்றிலிருந்து ஆற்றுக்குள் தப்பி, காத்தூன் ஏரியை அடைந்தன. சில ஆண்டுகளுக்குள் அவ்வேரியில் சாதாரணமாகக் காணப்பட்ட உள்ளூர் மீனினங்களுள் பெரும்பாலானவை அப்பகுதிகளிலிருந்து மறைந்தன. அச்சிறு மீன்களை உண்டு வாழ்ந்த பறவைகளும் குறைந்தன. அதே பீக்காக் பாஸ் இன்று மலேசியாவின் பல சுரங்கக் குட்டைகளிலும் சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களிலும் பெருகியுள்ளது.

ஓய்வு நாளில் தூண்டிலிட்டு விராலும் கெளிறும் பிடித்துக் குடும்பத்திற்குக் கறியாக்கும் தோட்ட மக்களுக்கு இது அயலார் கதையன்று. நம் குட்டையில் ஒருவர் விடும் ஒரு சோடி மீன், நம் பிள்ளைகள் நாளை பிடிக்க வேண்டிய மீன்களை அழித்துவிடக்கூடும். வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய குளம் உடையவரிடம் ஒப்படைக்கலாம். மீன்வளத் துறையினரின் ஆலோசனையை நாடலாம். ஆற்றில் மட்டும் விடலாகாது.

நமக்கு ஏற்றது எது?

சிறிய வீட்டிற்குச் சிறிய மீனே அழகு. கப்பி மீன்கள் கொசுப்புழுக்களை உண்ணும். வேட்டையைக் காண விரும்பும் பிள்ளைகள் சண்டை மீன் ஒன்றை வளர்க்கலாம். கொசுப்புழுவைக் கண்டதும் அது நின்று, நோக்கி, பாய்ந்து கவ்வும் காட்சி, பெரிய மீனின் வேட்டைக்குச் சற்றும் குறைந்ததன்று. ஓர் ஆண் மீனுக்கு இருபது லிட்டர் நீர் போதும். ஆண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடுதல் கூடாது. பெரிய மீன்களைக் காண, கோலாலம்பூரின் அக்குவேரியா கே.எல்.சி.சி. போன்ற காட்சியகங்களுக்குச் சென்று வரலாம்.

பெற்றோர்களே! பிள்ளை மீன் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். இம்மீன் எவ்வளவு நீளம் வளரும்? எத்தனை ஆண்டுகள் வாழும்? அந்நீளத்திற்கேற்ற தொட்டியை வைக்க நம் வீட்டில் இடமுண்டா? முதலிரண்டிற்கும் கடைக்காரர் விடை கூறுவார். மூன்றாவதற்கு விடை கூற வேண்டியவர் நீங்களே. உயிர் ஒன்றை வீட்டிற்குக் கொண்டு வருபவர், அதன் முழு வாழ்நாளுக்கும் பொறுப்பேற்கின்றார் என்பதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கு: கடைகளில் விரல் நீளக் குஞ்சாக விற்கப்படும் செவ்வால் கெளிறு நான்கடி நீளம் வளரக்கூடியது. அதற்கு 12 அடி நீளமும், 5 அடி அகலமும், 3 அடி உயரமும் உள்ள தொட்டி வேண்டுமாயின், அதில் எத்தனை லிட்டர் நீர் கொள்ளும்? அந்நீரின் எடை எத்தனை டன்? விடையைக் கண்டபின், அத்தொட்டியை உங்கள் வீட்டில் எங்கே வைக்கலாம் என்று பெற்றோருடன் கலந்து பேசுங்கள்.