குருந்தம்

குருந்தம் அல்லது கொரண்டம் என்பது அலுமினியம் ஆக்சைடினால் ஆன ஒரு படிகக் கனிமம் ஆகும். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 9. அவ்வளவுகோலில் இதற்கு மேல் இருப்பது வைரம் (10) மட்டுமே.

பெயர்க்காரணம்

ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் 'குருந்தம்' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. இது மாணிக்கத்தைக் குறிக்கும் 'குருவிந்தம்' என்ற சமசுகிருதச் சொல்லுடன் தொடர்புடையது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இக்கல்லை 'அடமன்டைன் ஸ்பார்' எனவும் அழைத்தனர். 1798இல் சார்லஸ் கிரெவில் இதனைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பில் கொரண்டம் என்ற பெயரே இடம்பெற்றது. பின்னர் அதுவே நிலைத்தது.

பொருளும் வழக்கும்

கனிமவியலில் நிறம் எதுவாயினும் இதன் பெயர் ஒன்றே. மணிக்கல் வணிகத்தில், குரோமியத்தால் சிவப்பு நிறம் பெற்றது 'ரூபி' (மாணிக்கம்) எனவும், ஏனைய நிறக் கற்கள் 'சபையர்' எனவும் அழைக்கப்படுகின்றன. அடைமொழியின்றிச் 'சபையர்' என்றால் நீலக்கல்லையே குறிக்கும். இளஞ்சிவப்புக் கல்லை எப்பெயரால் அழைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெயரைப் பொறுத்து விலையும் மாறும்.

பச்சை நிறக் குருந்தத்தை முற்காலத்தில் 'கீழைத்தேய மரகதம்' என்றனர். மரகதம் பெரில் என்னும் வேறு கனிமமாதலால் இப்பெயர் பிழையானது. இவ்வாறே 'புஷ்பராகம்' என்ற பெயர் மஞ்சள் நிறக் குருந்தத்தையும், விலை குறைந்த தோபாசையும் குறிக்க வழங்குகிறது. ஆகவே கல் வாங்குவோர் அதன் கனிமப் பெயரைக் கேட்டறிதல் வேண்டும்.

சாணை பிடிக்கப் பயன்படும் எமரி, குருந்தமும் மாக்னடைட்டும் கலந்த பாறை ஆகும்; அது தனிக் கனிமம் அன்று. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் கல்லைச் 'செயற்கைக் குருந்தம்' எனக் குறிப்பிடுவதே முறையாகும்.