வடிவங்களுக்கு ஒரு வரைபடம்

மண் ஆய்வில் ஈடுபட்டுள்ள கள அலுவலர்கள் ஒரு முக்கோணப் படத்தை நன்கு அறிவர். மண்ணிலுள்ள மணல், வண்டல், களி ஆகிய மூன்றின் விழுக்காடுகளைக் கூட்டினால் 100 வரும். ஆகவே எந்த மண்ணின் நயத்தையும் அப்படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துவிடலாம். அருகருகே அமைந்த புள்ளிகள் நயத்தில் நெருங்கிய மண்களைக் காட்டும். 

இதே எண்ணத்தைக் கணித அறிஞர்கள் வடிவங்களுக்கும் கையாளுகின்றனர். ஒரு வகையைச் சேர்ந்த வடிவங்கள் அனைத்தையும் தன் புள்ளிகளாகக் கொண்ட வரைபடத்துக்கு 'மாடுலி வெளி' என்று பெயர். சமன்பாடுகளால் அமையும் வடிவங்களை ஆராய்கின்ற இயற்கணித வடிவகணிதத்தில் இது தலையாய பொருள்களுள் ஒன்று. இத்துறையில் நம் நாட்டார் இருவர் நிறுவிய தேற்றம் இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றது. 

முக்கோணங்களின் வரைபடம்

பள்ளி மாணவரும் வரையக்கூடிய ஒரு மாடுலி வெளியை முதலில் நோக்குவோம். வடிவொத்த முக்கோணங்களை ஒன்றாகவே கருதுவோமாயின், ஒரு முக்கோணத்தைக் குறிக்க அதன் கோணங்களே போதும். மிகச் சிறிய கோணத்தைக் கிடைக்கோட்டிலும், நடுக்கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலும் குறிப்போம். 30, 60, 90 பாகைகளைக் கொண்ட முக்கோணம் (30, 60) என்ற புள்ளியாகிவிடும். இவ்வாறு எல்லா முக்கோணங்களையும் குறித்தால், (0, 0), (0, 90), (60, 60) என்பவற்றை முனைகளாகக் கொண்ட பகுதி கிடைக்கும். முக்கோணங்களின் வரைபடமும் ஒரு முக்கோணமே!

செங்கோண முக்கோணங்கள் யாவும் (0, 90), (45, 45) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின்மேல் அமைகின்றன. கோட்டுக்குக் கீழே விரிகோண முக்கோணங்கள். மேலே குறுங்கோண முக்கோணங்கள். படத்தின் மொத்தப் பரப்பு 2,700 சதுர அலகுகள். விரிகோணப் பகுதி மட்டும் 2,025. அதாவது, கோணங்களைக் கொண்டு வரைந்த இப்படத்தில் முக்கால் பங்கு விரிகோண முக்கோணங்களுக்கே உரியது. நாம் கரும்பலகையில் வழக்கமாக வரைவதோ குறுங்கோண முக்கோணம். எஞ்சிய கால் பங்கிலிருந்தே நாம் எடுத்துக்காட்டுகளைப் பொறுக்கி வருகிறோம் என்பதை வரைபடம் உணர்த்துகின்றது.

இப்படத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. சிறிய கோணம் 0 ஆகும்போது முக்கோணம் ஒடுங்கிக் கோடாகிவிடுவதால், படத்தின் இடப்பக்க விளிம்பு நமக்குக் கிடைப்பதில்லை. இருசமபக்க முக்கோணங்கள் மற்ற இரு விளிம்புகளிலும், சமபக்க முக்கோணம் ஒரு முனையிலும் வந்து நிற்கின்றன. விடுபட்ட விளிம்பும் சமச்சீர் உடைய வடிவங்களுமே பெரிய மாடுலி வெளிகளிலும் அறிஞர்களுக்கு இடர் விளைப்பவை.

ரீமன் காட்டிய வழி

ஜெர்மானிய அறிஞர் ரீமன் 1857-இல் வெளியிட்ட கட்டுரையில், இன்று அவர் பெயரால் வழங்கும் பரப்புகளை வகைப்படுத்த எத்தனை எண்கள் வேண்டும் எனக் கணக்கிட்டார். உளுந்து வடைக்கு ஒரு துளை உண்டு. அவ்வாறே இரண்டோ அதற்கு மேலோ துளைகள் உள்ள பரப்பில், துளைகளின் எண்ணிக்கை g எனின், 3g−3 சிக்கலெண்கள் தேவை. இரு துளைகளுக்கு 3. மூன்று துளைகளுக்கு 6. இவ்வெண்களுக்கு அவர் இட்ட பெயரிலிருந்தே 'மாடுலி' என்ற சொல் வந்தது. 

அடுத்து, இத்தகைய பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டார் வெளியைப் பொருத்தினால் 'வெக்டார்க் கற்றை' உண்டாகின்றது. காகிதப் பட்டையை முறுக்கி ஒட்டுவதுபோல், கற்றையும் பலவாறு முறுக்குண்டிருக்கலாம். கற்றைகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் அடக்க முயன்றால், வெவ்வேறு கற்றைகளைக் குறிக்கும் புள்ளிகளைப் பிரித்தறிய இயலாமல் வரைபடமே குலைந்துவிடும். அமெரிக்க அறிஞர் டேவிட் மம்ஃபோர்டு 1962-இல் இதற்கு ஒரு வழி கூறினார். கற்றையின் முறுக்கை அளக்கும் எண்ணை அதன் பரிமாணத்தால் வகுத்தால் சராசரி முறுக்கு கிடைக்கும். எந்த உட்கற்றையின் சராசரியும் முழுக்கற்றையின் சராசரியைவிடக் குறைவாக இருப்பின், அது 'நிலைத்த கற்றை'. நிலைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நல்ல வரைபடம் அமையும்.

பம்பாயில் விளைந்த தேற்றம்

அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை நகரில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும் 1965-இல் தம் தேற்றத்தை வெளியிட்டனர். பரப்பின்மேல் ஒரு மூடிய பாதையில் வெக்டாரைக் கொண்டு சுற்றிவந்தால், அதன் நீளம் மாறாமல் திசை மட்டும் மாறலாம். இத்தகைய சுழற்சிகளில் மேலும் பகுக்க இயலாதவற்றிலிருந்து கிடைக்கும் கற்றைகளும், மொத்த முறுக்கு 0 ஆகவுள்ள நிலைத்த கற்றைகளும் ஒன்றே என்பது அத்தேற்றத்தின் சாரம். எண்களின் ஒப்பீட்டால் சொல்லப்பட்ட நிபந்தனையும் சுழற்சியால் சொல்லப்பட்ட நிபந்தனையும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்று தெரியவந்தது. விடுபட்ட விளிம்பை நிரப்பி வரைபடத்தை முழுமையாக்கும் வழியைச் சேஷாத்திரி 1967-இல் அளித்தார். ஆங்கில அறிஞர் டொனால்ட்சன் 1983-இல் இத்தேற்றத்துக்குப் புதியதொரு நிறுவலைத் தந்தார். பௌதிகத்தில் எழுந்த சமன்பாடுகளோடு அதற்குள்ள உறவும் தெளிவாயிற்று.

கற்பித்தலின் பங்கு

இவ்விருவரும் 1932-இல் பிறந்தவர்கள். நரசிம்மன் வட ஆர்க்காட்டுத் தண்டரையிலும், சேஷாத்திரி காஞ்சிபுரத்திலும் பிறந்தனர். இருவரும் சென்னை லயோலா கல்லூரியில், பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் ரசீன் அவர்களிடம் பயின்றனர். பாடத்திட்டத்தோடு நின்றுவிடாமல், ஐரோப்பாவில் அந்நாளில் வளர்ந்துவந்த கணிதத்தை மாணவர்க்கு அறிமுகப்படுத்தியவர் அவர்.

1953-இல் அவர்கள் சேர்ந்த டாட்டா நிலையத்தில், கே. சந்திரசேகரன் அயல்நாட்டு அறிஞர்களை வரவழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்தார். அச்சொற்பொழிவுகளை இளம் ஆய்வாளர்களே எழுதி முடித்தனர். அவை அச்சாகிப் பிற நாடுகளுக்கும் சென்றன. ஒவ்வொரு படியையும் தாமே விளங்கிக்கொண்டாலன்றி ஒருவர் குறிப்பெழுத முடியாது அன்றோ? மம்ஃபோர்டு அங்கு ஆற்றிய சொற்பொழிவுகளும் சி. பி. ராமானுஜத்தின் உதவியோடு 1970-இல் புகழ்பெற்ற நூலாயின. 1989-இல் சேஷாத்திரி தோற்றுவித்த நிறுவனமே இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். பட்டப்படிப்பு மாணவரும் ஆய்வாளரும் அங்கு ஒரே கூரையின்கீழ்ப் பயில்கின்றனர். சேஷாத்திரி 2020-இலும் நரசிம்மன் 2021-இலும் மறைந்தனர்.

ஆராய்ச்சி வேறு, கற்பித்தல் வேறு என்று எண்ணுவது தவறு என்பதற்கு இவ்வரலாறு சான்று. ஆசிரியர்கள் ஒரு வரைதாளை எடுத்து, மேலே கூறிய படத்தை மாணவர்களைக் கொண்டே வரையச் செய்வார்களாக. ஒரு புள்ளியைத் தொட்டு, "இங்கே உள்ள முக்கோணம் எது?" என்று கேட்கலாம். பிறகு, "இடப்பக்க விளிம்பு ஏன் நமக்குக் கிடைக்கவில்லை?" என்றும் கேட்கலாம். அவ்வினாவுக்கு விடை தேடும் சிறுவர் சிறுமியர், பெரிய அறிஞர்கள் நடந்த பாதையில் முதலடி எடுத்து வைத்தவராவர்.