அப்பா நினைவாக ஓடுகிறீர்களா? 70 வளைவும் ஒரே நாளில் வேண்டாம்!

அடிவாரக் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைச் சாலையில் வண்டிகளே திணறும். மறைந்த அப்பா, அம்மா நினைவாக நிதி திரட்டும் ஓட்டத்துக்குத் தயாராகும் உள்ளூர்க்காரர்களுக்கு இந்த ஏற்றம் நல்ல பயிற்சிக் களம். ஆனால், துக்கத்தின் வேகத்தில் முதல் நாளே உச்சியைத் தொட நினைத்தால் முழங்கால்தான் பாடுபடும்.

துக்கத்தை ஓட்டமாக மாற்றியவர் ஃபௌஜா சிங். மனைவியையும் மகனையும் பறிகொடுத்த பிறகு ஓடத் தொடங்கியவர். பாஸ்போர்ட்படி 89 வயதில், 2000-ம் ஆண்டு லண்டன் மாரத்தானை முடித்தார். குறைமாதக் குழந்தைகளுக்காக நிதி திரட்டினார். அவரும் பயிற்சியாளரிடம் பழகித்தான் களமிறங்கினார்.

நீங்களும் நிதானமாகத் தொடங்குங்கள்:

* முதல் வாரம் இரண்டு மூன்று வளைவுகள் போதும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே சரியான வேகம்.

* இறங்கும்போது நடந்தே வாருங்கள். தொடைக்கும் முழங்காலுக்கும் இறக்கம்தான் அதிக வேலை.

* விடிந்த பிறகே ஓடுங்கள். ஹெட்போன் வேண்டாம், வளைவில் ஹாரன் சத்தம் காதில் விழ வேண்டும்.

* வாரம் இரண்டு நாள் ஓய்வு. வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஓட முடியாமல் அழுகை வரும் நாளும் உண்டு. அன்று நடந்தால் போதும். அப்பா இருந்திருந்தாலும் வாசலில் நின்று, 'பார்த்து, மெதுவா போயிட்டு வா' என்றுதானே சொல்லியிருப்பார்!