பெரியவருக்குக் காய்ச்சல், "லீவு வேகன்சி"யில் மேடை ஏறிய வாலிபர்!

நியூயார்க் நகரம். 1943-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி.

டெலிபோன் மணி அலறியது. கட்டிலில் கிடந்த வாலிபர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். முந்திய இரவு ஒரு பாடகியின் கச்சேரி. அதில் இவர் எழுதிய பாட்டுகளும் இடம் பெற்றிருந்தன. கச்சேரி முடிந்து விருந்து, கூத்து, கும்மாளம். தலை கனத்தது.

போனில் பேசியவர் ஆர்க்கெஸ்ட்ரா ஆபீஸ் அதிகாரி புரூனோ ஜிராட்டோ. "இன்று கச்சேரி நடத்த வேண்டிய பெரியவர் காய்ச்சலில் விழுந்து விட்டார். பகல் 3 மணிக்கு நீங்கள்தான் நடத்த வேண்டும். ஒத்திகைக்கு நேரம் இல்லை" என்பதுதான் சேதி.

வாலிபரின் தூக்கம் பறந்து போயிற்று!

அவர் பெயர் லெனார்டு பெர்ன்ஸ்டைன். வயது 25. அந்த ஆர்க்கெஸ்ட்ராவை மேடையில் ஒரு நாள் கூட நடத்தியது இல்லை. அன்றைய கச்சேரியோ அமெரிக்கா முழுவதும் ரேடியோவில் ஒலிபரப்பாகும் கச்சேரி. அம்மாடி! யாருக்குத்தான் வயிறு கலங்காது?

கையில் குச்சி

இவர் பார்த்த வேலைக்குப் பெயர் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. 100 பேர் வரை உட்கார்ந்து வயலினும் குழலும் முரசும் வாசிக்கும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை, கையில் ஒரு சின்னக் குச்சியை வைத்துக்கொண்டு ஆட்டுவிக்கிறவர். அவர் ஒரு வாத்தியமும் வாசிக்க மாட்டார். ஆனால் அவர் கை தப்பினால் 100 பேரும் தப்புவார்கள்.

நியூயார்க் பில்ஹார்மோனிக் 1842-ல் தொடங்கிய பழம்பெரும் ஆர்க்கெஸ்ட்ரா. அதற்கு ஆண்டுதோறும் சீசன் உண்டு. இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து அடுத்த ஆண்டு வசந்தம் வரை வாரா வாரம் கச்சேரி. தலைமைக் கண்டக்டர் ஒருவர் இருப்பார். ஆனால் சீசன் முழுவதும் அவர் ஒருவரே குச்சி பிடிப்பதில்லை. ஐரோப்பாவில் இருந்தும் மற்ற ஊர்களில் இருந்தும் பெரிய பெரிய ஆசாமிகளை விருந்தாளியாக அழைப்பார்கள். விருந்தாளிக் கண்டக்டர், விருந்தாளிப் பியானோக்காரர், விருந்தாளிப் பாடகர் என்று வந்து போவார்கள். ரசிகர்கள் முன்கூட்டியே சந்தா கட்டி, சீசன் முழுவதற்கும் நாற்காலி பிடித்து வைத்திருப்பார்கள்.

இப்படி எல்லாம் முன்னாலேயே எழுதி வைத்தாலும் காய்ச்சல் என்ன, நோட்டீசைப் படித்துவிட்டா வருகிறது?

அதற்குத்தான் உதவிக் கண்டக்டர் என்று ஒரு பதவி. புதிதாக வரும் இசைக் குறிப்புகளைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒத்திகைகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும். விருந்தாளி வாசிக்க வைக்கப்போகும் உருப்படிகளை எல்லாம் தானும் பாடம் பண்ணி வைத்திருக்க வேண்டும். ஆனால் மேடை ஏறும் வேளை வராது. வந்தவர்கள் எல்லாரும் திடகாத்திரமாக இருந்து தொலைத்தால் சீசன் முழுக்க கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான். சம்பளம் மட்டும் உண்டு. ஆபீசுகளில் "ஆக்டிங்" பார்த்தவர்களுக்கும் "லீவு வேகன்சி"யில் போன வாத்தியார்களுக்கும் இந்தப் பிழைப்பு நன்றாகப் புரியும்.

மகனுக்குக் கடை வேண்டாம்

பெர்ன்ஸ்டைனின் அப்பா ஒரு வியாபாரி. பெயர் சாமுவேல். உக்ரைன் நாட்டில் இருந்து சிறு வயதில் பிழைக்க வந்தவர். நியூயார்க் மீன் மார்க்கெட்டில் மீன் கழுவி வயிறு வளர்த்தவர். பிறகு பாஸ்டன் பக்கம் போய், பெண்களின் கூந்தல் அலங்காரச் சாமான்கள் விற்கும் கடை வைத்து முன்னுக்கு வந்தார். தனக்குப் பின் மகன் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. பையனோ 10 வயதில் அத்தை அனுப்பி வைத்த ஒரு பழைய பியானோவின் முன் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

சாமுவேலுக்கு ஆத்திரம். அவர் அறிந்த வாத்தியக்காரர்கள் கல்யாண வீட்டில் வாசித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு நிற்பவர்கள். நல்ல பியானோ வாத்தியாருக்குச் சம்பளம் கூடுதல் என்றதும் காசு தர மாட்டேன் என்று கையை விரித்தார். பையன் தானே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அந்தக் காசைச் சம்பாதித்தான். அப்பாவைக் குறை சொல்லி என்ன பயன்? மீன் கழுவிய கைக்குத்தான் காசின் அருமை தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, 11 வயதுத் தம்பி மூவரும் நியூயார்க்கில்தான் இருந்தார்கள். முந்திய நாள் மகனின் பாட்டுகளைக் கேட்க வந்தவர்கள். ஊருக்குத் திரும்பக் கிளம்பும் நேரத்தில், "போகாதீர்கள், பகல் கச்சேரிக்கு வாருங்கள்" என்று மகனிடம் இருந்து சேதி போயிற்று.

கம்பளிக்குள் ஒரு பாடம்

காய்ச்சலில் படுத்தவர் சாதாரண ஆள் இல்லை. புரூனோ வால்ட்டர்! வயது 67. ஜெர்மனியில் கொடி கட்டிப் பறந்தவர். யூதர் என்பதற்காக 1933-ல் ஹிட்லர் ஆட்சி அவரை மேடை ஏற விடாமல் விரட்டியது. அவர் குச்சி பிடிப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் டிக்கெட் வாங்கியிருந்தது.

தலைமைக் கண்டக்டர் ரோஜின்ஸ்கி எங்கே? அவர் அயலூரில் தன் பண்ணை வீட்டில் இருந்தார். வழியெல்லாம் பனி. "பெர்ன்ஸ்டைனைக் கூப்பிடுங்கள், அதற்குத்தானே அவரை வேலைக்கு வைத்தோம்" என்று சொல்லிவிட்டாராம்.

பெர்ன்ஸ்டைன் நேரே வால்ட்டர் தங்கியிருந்த ஓட்டலுக்கு ஓடினார். பெரியவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் இசைக் குறிப்புப் புத்தகங்களை விரித்து, இந்த இடத்தில் நான் நிறுத்துவேன், இங்கே ஓட்டுவேன், இங்கே இத்தனை அடி போடுவேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். அந்த வாரம் முழுவதும் ஆர்க்கெஸ்ட்ரா அவரோடுதான் ஒத்திகை பார்த்திருந்தது. அதனால் அவர் போட்ட வழியில்தான் போக வேண்டும். தம் சொந்தச் சரக்கைக் காட்ட அன்று இடம் இல்லை.

பாக்கி நேரத்தை எப்படித் தள்ளுவது? பெர்ன்ஸ்டைன் ஒரு மருந்துக் கடைக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் இரக்கப்பட்டு 2 மாத்திரை கொடுத்தார். ஒன்று படபடப்பை அடக்க. மற்றொன்று தெம்பு ஊட்ட. மேடைக்குப் போகும் நேரத்தில் அந்த 2 மாத்திரையையும் பெர்ன்ஸ்டைன் வீசி எறிந்துவிட்டார்.

மேடைக்கென்று தனி உடுப்பும் அவரிடம் இல்லை. எல்லா வாத்தியக்காரர்களும் முறையான கறுப்பு உடுப்பில் இருக்க, கண்டக்டர் மட்டும் தினசரி போடும் சாம்பல் நிறக் கோட்டில்!

முதல் அடியே மவுனம்

பகல் 3 மணி. கார்னிகி ஹால். சுமார் 2,800 பேர் உட்காரும் மண்டபம்.

ஜிராட்டோ முன்னால் வந்தார். வால்ட்டருக்கு உடம்பு சரியில்லை, இந்த நாட்டிலேயே பிறந்து இந்த நாட்டிலேயே படித்த ஒரு கண்டக்டரின் அரங்கேற்றத்தை இப்போது பார்க்கப்போகிறீர்கள் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் எல்லாம் ஐரோப்பியர்கள்தான் ஆட்சி. உள்ளூர்ப் பையன் என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

முதல் உருப்படி ஷூமன் எழுதிய "மன்பிரெட்". பார்க்க எளிது, தொட்டால் முள். அதன் முதல் அடியில் சத்தமே கிடையாது. கண்டக்டர் குச்சியை இறக்குகிற கணத்தில் ஒருவரும் வாசிக்கக் கூடாது. அரை மூச்சு பொறுத்து 100 பேரும் ஒன்றாக இறங்க வேண்டும். ஒருவர் முந்திக் கொண்டாலும் நாடு பூராவும் ரேடியோவில் கேட்கும். நன்றாக ஒத்திகை பார்த்தவர்களே தடுமாறும் இடம் அது.

வாலிபர் கையை இறக்கினார். மவுனம். அடுத்த கணம் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஆளாக இறங்கியது!

அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது உருப்படி ஹங்கேரிக்காரர் மிக்லோஸ் ரோசா எழுதியது. பிற்காலத்தில் "பென்ஹர்" படத்துக்கு இசை அமைத்து ஆஸ்கார் பரிசு வாங்கினாரே, அவரேதான். அடுத்தது ரிச்சர்டு ஸ்டிராஸ் எழுதிய "டான் குவிக்சோட்". காற்றாலையை அரக்கன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும் கிழவரின் கதையை வாத்தியங்களாலேயே சொல்லும் நீண்ட உருப்படி. இண்டு இடுக்கு எல்லாம் கண்ணி. கடைசியில் வாக்னர். முடிந்ததும் கை தட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. திரும்பத் திரும்ப மேடைக்கு அழைத்தார்கள். பாக்சில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் சாமுவேல் மலைத்துப் போனார்.

மறுநாள் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில், உலகப் போர்ச் செய்திகளுக்கு நடுவே, முதல் பக்கத்தில் இந்தச் செய்தி! அதற்கு அடுத்த நாள் தலையங்கம் வேறு.

பையன் படிக்கும்போது ஏன் தடுத்தீர்கள் என்று பிற்பாடு சாமுவேலைக் கேட்டார்கள். அவன் லெனார்டு பெர்ன்ஸ்டைனாக ஆவான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்!

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் காலை 9 மணிக்குப் புத்தகத்தைத் திறந்து படித்தவர் பகல் 3 மணிக்கு "டான் குவிக்சோட்" நடத்த முடியாது. மேடை கிடைக்காது என்று தெரிந்தும் வேலையில் சேர்ந்த நாளில் இருந்து பாடம் பண்ணி வைத்திருந்தார். காய்ச்சல் வந்தது வால்ட்டருக்கு. பரீட்சை வந்தது இவருக்கு.

அதன் பிறகு ஊர் ஊராக இவரையே விருந்தாளிக் கண்டக்டராக அழைத்தார்கள். 1957-ல் இவர் இசை அமைத்த "வெஸ்ட் சைட் ஸ்டோரி" நாடகம் சக்கைப் போடு போட்டது. 1958-ல் அதே நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் தலைமைப் பதவிக்கு வந்தார். அமெரிக்காவில் பிறந்தவர்களில் அந்த நாற்காலியைப் பிடித்த முதல் ஆள் இவர்தான். 1990-ல் காலமானார். 2023-ல் வெளிவந்த "மேஸ்ட்ரோ" படத்தில் அந்தக் காலை நேர டெலிபோன் மணி அடிப்பதைக் காணலாம்.

பம்பாய்ப் பையன்

விருந்தாளி வராமல் போனதால் உயர்ந்தவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. பம்பாயில் 1936-ல் பிறந்த ஜுபின் மேத்தா டாக்டருக்குப் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு வியன்னாவுக்குப் போய் இசை கற்றவர். 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விருந்தாளியாக வர வேண்டிய பிரிட்ஸ் ரெய்னர் உடல்நலக் குறைவால் வரவில்லை. அவருக்குப் பதிலாக 24 வயது மேத்தா குச்சி பிடித்தார். ஆர்க்கெஸ்ட்ரா நிர்வாகத்துக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று. உடனே பதவி கொடுத்தார்கள். அங்கே தலைமைப் பொறுப்பு ஏற்க இருந்த சோல்ட்டி, "என்னைக் கேட்காமல் எப்படி நியமிக்கலாம்?" என்று கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். 1962-ல் தலைமை நாற்காலியும் மேத்தாவுக்கே வந்தது. வயது 26!

1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக்கும் மேத்தாவின் கையில் இருந்தது. 1981-ல் அங்கே ரவிசங்கர் சிதார் வாசித்தார். 1985-ல் கர்நாடக சங்கீத வயலின் வித்வான் எல்.சுப்பிரமணியம் அதே ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார்.

மறுபடியும் ஒரு போன்

1963 ஜனவரி மாதக் கடைசி. நியூயார்க் பில்ஹார்மோனிக்குக்கு விருந்தாளியாக வர வேண்டிய பியானோ மேதை கிளென் கூல்டுக்கு உடம்பு சரியில்லை. இந்தத் தடவை ஆள் தேட வேண்டியவர், இப்போது தலைவராக இருந்த பெர்ன்ஸ்டைன்!

கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் சிறுவர் கச்சேரி ஒன்றில் 16 வயதுப் பையன் ஒருவன் லிஸ்ட் எழுதிய பியானோ உருப்படியை வாசித்திருந்தான். பெயர் ஆண்ட்ரே வாட்ஸ். அப்பா கறுப்பின ராணுவ வீரர். அம்மா ஹங்கேரிக்காரர், மகனுக்கு முதலில் பியானோ சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வீட்டில் பழகியது நரம்புகள் அறுந்துபோன ஒரு பழைய பியானோவில்.

அந்தப் பையனைக் கூப்பிடுங்கள் என்றார் பெர்ன்ஸ்டைன். ஜனவரி 31-ந் தேதி வாட்ஸ் வாசித்து முடித்ததும் ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வாட்ஸ் 50 ஆண்டுகளுக்கு மேல் உலகம் சுற்றி வாசித்தார். 2023 ஜூலையில் காலமானார்.

நடுவில் 1999-ல் சிகாகோ சிம்பொனியின் கோடைகாலக் கச்சேரி ஒன்று. விருந்தாளி ஆண்ட்ரே வாட்ஸ். திடீரென்று அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மறுபடியும் டெலிபோன் மணி அடித்தது. சீனாவில் இருந்து படிக்க வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் வாட்சின் நாற்காலியில் உட்கார்ந்து சைக்கோவ்ஸ்கியை வாசித்தான். அந்தப் பையன் பெயர் லாங் லாங்.